நாற்றமோட்டியின் மூடிய அறை

எங்கள் எண்ணெய் நிலையத்து வாசலில் அன்று நின்ற கூட்டத்தைப் பார்த்து, உள்ளே எண்ணெய்க்குப் பதில் தேன் ஊறுகிறதோ என்று இரண்டு தேனீக்கள் விசாரிக்க வந்தன. நம்பாதவர்கள் தேனீக்களையே கேட்டுக்கொள்ளலாம்.

கூட்டம் வந்தது நாற்றமோட்டியைத் தரிசிக்க. பிசாசை ஓட்டுகிறவர்கள் மலிந்துவிட்ட காலத்தில், பிசாசின் வாடையை மட்டும் தனியாக ஓட்டுகிறவர் இவர் ஒருவர்தான்.

கிணற்றிலிருந்து கச்சா எண்ணெயோடும் தண்ணீரோடும் அழுகிய முட்டை நாற்றம் ஒன்று வரும். ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு. கொஞ்சம் வந்தால் முகம் சுளிக்கும். அதிகம் வந்தால் ஆள் சாய்வான். அதைப் பிடிக்க நிலையத்தில் ஓர் உயரமான இரும்புக் கோபுரம் உண்டு. வாயு கீழிருந்து ஏறும், மருந்துத் தண்ணீர் மேலிருந்து இறங்கும். நடுவழியில் மருந்து நாற்றத்தை மடக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மருந்து அடிக்கடி தீரும். மேனேஜருக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

"மருந்தா? பூமிக்குள்ள தூங்கிட்டிருந்த பிசாசைக் குத்தி எழுப்பிட்டீங்க. இது அதோட கொட்டாவி!" என்றார் நாற்றமோட்டி.

மேனேஜர் மெய்சிலிர்த்து மருந்தை நிறுத்தினார். பிசாசு போன பிறகு வாயு மாஸ்க் எதற்கு என்று அவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டினார். பூஜை முடிந்த கையோடு பம்ப் ஆபரேட்டர் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி வண்டல் அள்ள வேண்டும் என்று உத்தரவும் போட்டார்.

ஆபரேட்டரின் மனைவி அங்கேயே லேபில் வேலை பார்ப்பவர். கணவரை ஓரமாக இழுத்தார்.

"ஏங்க, நெஜமாவே வெறும் மூஞ்சியோட இறங்கப் போறீங்களா?"

"நாத்தம் போயிட்டா இறங்கித்தானே ஆகணும்?"

"போகலைன்னா?"

"எனக்கென்ன மூக்கா இல்ல? தெரிஞ்சுடாது?"

"அந்த மூக்கைத்தான் நான் நம்பல."

"கல்யாணத்தன்னிக்கே உங்கம்மா இந்த மூக்கைப் பத்திக் குறை சொன்னாங்க" என்று முனகிக்கொண்டே அவர் உள்ளே போனார்.

பூஜைக்கென்று ஒரு பெரிய அறை. ஜன்னலெல்லாம் மூடியாகிவிட்டது. நடுவில் ஒரு அண்டா நிறைய எண்ணெய்க் கிணற்றுத் தண்ணீர். மூடியைத் திறந்ததும் சுவரிலிருந்த பல்லி தன் வாலை மட்டும் விட்டுவிட்டு ராஜினாமா செய்தது.

"வெள்ளி கறுத்துப்போச்சா? பிசாசு ஏறிடுச்சு! வீட்ல வைக்காதீங்க, இந்தப் பையில போடுங்க!" என்று கூட்டத்தின் நகைகளைக் காட்டிக் கத்தினார் நாற்றமோட்டி.

இந்த வாயு பட்டால் வெள்ளி கறுக்கும். தேய்த்தால் பழையபடி மின்னும். ஆனால் பக்தி பொங்கும் நேரத்தில் யார் தேய்த்துப் பார்க்கிறார்கள்? மோதிரமும் கொலுசும் பையில் கலகலவென்று விழுந்தன.

நாற்றமோட்டி உறுமினார், உருண்டார், அண்டாவைச் சுற்றி ஓடினார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப மோந்து பாருங்க!"

எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்கள்.

"இல்லியே சாமி! சுத்தமா இல்லியே!"

முன்வரிசையில் நின்ற நிலையத்துக் காண்டிராக்டர் ஆனந்தக் கூத்தாடினார். மேனேஜர் தேம்பினார். ஆபரேட்டர் தொட்டிக்குப் போகச் சட்டையைக் கழற்றினார்.

"சாமி, ஒரு சின்ன விஷயம்" என்றார் மனைவி. "எல்லாரும் வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாமா?"

"கூடாது! கதவைத் திறந்தா பிசாசு உள்ள வந்துடும்!"

"கதவும் ஜன்னலும் மூடித்தானே இருக்கு? அப்ப அது எந்த வழியா வெளிய போச்சு?"

நாற்றமோட்டி அண்டாவை இன்னொரு சுற்று ஓடினார். ஆனால் டீ என்ற சொல் விழுந்த பிறகு எந்தக் கூட்டத்தைப் பிடித்து நிறுத்த முடியும்?

நன்றாகக் காற்றாட நின்று குடித்துவிட்டுத் திரும்பினார்கள். முதலில் நுழைந்த காண்டிராக்டர், "ஐயையோ!" என்று பின்னாலேயே பாய்ந்து மேனேஜர் மேல் விழுந்தார். அறை பழையபடி நாறியது.

"என்ன சாமி, பிசாசும் டீ குடிச்சிட்டு வந்துடுச்சா?" என்றது ஒரு குரல்.

"அது எங்கயும் போகவே இல்ல" என்றார் மனைவி. "கொஞ்ச நேரம் மோந்தா இந்த வாயு மூக்கையே மரத்துப்போக வச்சுடும். தொட்டிக்குள்ள இன்னும் அதிகம். வாடையே தெரியாது, ஆள் மட்டும் பொத்துனு விழுவார்."

ஆபரேட்டர் கழற்றிய சட்டையை அவசரமாக மாட்டினார், உள்பக்கம் வெளியே தெரிய.

"அவநம்பிக்கை! அதான் ரூமுக்குத் திரும்பிடுச்சு!" என்று சீறினார் நாற்றமோட்டி. "ஆனா தொட்டி பரிசுத்தம்! நான் பொறுப்பு!"

"ரொம்ப சந்தோஷம் சாமி" என்றார் ஆபரேட்டர். "நீங்க முதல்ல இறங்கி ஒரே ஒரு வாளி அள்ளிக் குடுங்க. மீதியை நான் பாத்துக்கறேன்."

கூட்டம் அவரைத் தூக்காத குறையாகத் தொட்டிக்குக் கூட்டிப்போனது. நாற்றமோட்டி உள்ளே எட்டிப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார். பிறகு மேனேஜரின் காதருகே குனிந்து, ஊருக்கே கேட்கும்படி ரகசியமாகக் கேட்டார்:

"அந்த அலமாரிச் சாவி யார்கிட்ட இருக்கு?"

சிரிப்பில் கோபுரமே லேசாகச் சாய்ந்தது. பிறகு நாங்கள் நிமிர்த்தி வைத்தோம். அந்தச் சந்தடியில் பையைப் போட்டுவிட்டு அவர் ஓடிய வேகத்தை எந்தப் பிசாசும் எட்டியிருக்காது. மருந்து திரும்ப வந்தது. தொட்டியைக் காற்றாட விட்டு, அளந்து பார்த்து, மாஸ்க் மாட்டிக்கொண்டு ஆபரேட்டர் இறங்கினார். வண்டலும் ஏறியது, அவரும் முழுசாக ஏறினார்.

நாற்றமோட்டி இப்போது வேறு எங்கோ கூட்டம் சேர்க்கிறாராம். உங்கள் பக்கம் வந்தால் அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். உங்களை எங்கே இறங்கச் சொல்கிறாரோ, அங்கே அவரை முதலில் இறங்கச் சொல்லுங்கள். தலை என்று ஒன்று இருப்பது கண்டவன் வந்து மொட்டையடிக்க மட்டும்தானா? எப்போதாவது யோசிக்கவும் பயன்படுத்திப் பாருங்கள், தேய்ந்துவிடாது.