ஒண்ணு போதாது

அறுபத்திரண்டு படத்திலும் ஏகநாதனின் முகம்தான் இருந்தது.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். காலையில் செலியமேட்டில், மகள் பிரியதர்ஷினிக்கு அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. கன்னத்தில் சந்தனம் பூசினார்கள், கை நிறைய வளையல் அடுக்கினார்கள், ஏழு வகைச் சாதம் ஊட்டினார்கள். அத்தனையையும் ஏகநாதன் போனைத் தூக்கிப் பிடித்து அமுக்கித் தள்ளியிருந்தார். இப்போது பார்த்தால் சந்தனமும் இல்லை, சாதமும் இல்லை. ஐம்பத்தாறு வயது ஆள் ஒருவர் மூக்குத் துவாரம் தெரிய, வரிசையாக எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

பாகூர் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஏகநாதனுக்குப் போட்டோ என்றால் வெறுப்பெல்லாம் கிடையாது. அக்கறையே கிடையாது, அவ்வளவுதான். கண்ணால் பார்த்ததை எதற்குப் பிடித்து வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. யாராவது கேமராவைத் தூக்கினால் பந்தி எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். மகளைத் தாரை வார்த்த படத்தில்கூட அவருடைய குனிந்த தலையின் வழுக்கைதான் விழுந்திருக்கிறது.

இந்த முறை நழுவ முடியவில்லை. மாப்பிள்ளை நரேஷுக்குத் தோஹாவில் வேலை. லீவு கிடைக்கவில்லை. காலையில் மனைவி சுலோசனா போனை அவர் கையில் திணித்தாள்.

"மாப்ள பாக்க வேற வழி இல்ல. நீங்கதான் புடிக்கணும்."

"எனக்கு இன்னா தெரியும்?"

"மேல தூக்கி அமுக்கணும். வேற ஒண்ணையும் தொடாதீங்க."

அதைத்தான் செய்தார். கண்ணாடியைக் கடையிலேயே வைத்துவிட்டதால் திரை வெறும் புகைமூட்டமாக இருந்தது. அதனால் திரையைப் பார்க்காமல், அதற்கு மேலாக மகளைப் பார்த்துக்கொண்டே அமுக்கினார்.

வளைகாப்பு முடிந்து மகளைப் பாகூருக்கு அழைத்து வந்து, சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டு, கடையிலிருந்து கண்ணாடியையும் எடுத்து வந்தாகிவிட்டது. மணி நாலு. சுலோசனா வில்லியனூர் கோயிலுக்குப் போயிருந்தாள். ஆறு மணிக்கு மாப்பிள்ளைக்கு டூட்டி முடியும், நல்லதாகப் பார்த்து நீங்களே அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். நல்லதாக என்றால் எந்த மூக்கை அனுப்புவது?

முப்பத்தோராவது படத்தில் விரல் நின்றது. வளையல் அடுக்கிய நேரமாக இருக்க வேண்டும். படத்தில் இருந்த ஆளுக்குக் கண் கலங்கி, உதடு கோணியிருந்தது. அழுததாக ஏகநாதனுக்கு ஞாபகமே இல்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது தன் முகம் இப்படியா இருக்கிறது என்று கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் வெட்கமாகிவிட்டது. மகளைக் கூப்பிட்டார்.

பிரியதர்ஷினி நாலு படம் தள்ளிப் பார்த்தாள். "அப்பா, இது செல்ஃபி கேமரா."

"உங்க அம்மாகிட்ட சொல்லாதடி. இருபத்தேழு வருசத்துல அவ கேட்ட ஒரே வேல இது. உன் மாமியார் வூட்ல யாராச்சும் புடிச்சிருப்பாங்களா?"

"கேட்டா, 'உங்க அப்பாதானே முன்னால நின்னாரு'ன்னு சிரிப்பாங்க."

"சரி, திரும்ப அங்க போயி ரெண்டு படம்..."

"வளைகாப்பு முடிஞ்சு கெளம்பியாச்சுப்பா. இனிமே புள்ளயோடதான் அந்த வூட்டுக்குப் போவணும்."

அதுவும் சரிதான். அப்படியானால் இங்கேயே இன்னொரு தரம் வைத்துவிட வேண்டியதுதான் என்று ஏகநாதன் முடிவு செய்தார். ஏழு மாத வயிற்றோடு காலையிலிருந்து உட்கார்ந்து எழுந்த பெண் வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் புடவையை மாற்றப் போனாள்.

பக்கத்து வீட்டு அமுதத்தையும் எதிர்வீட்டு இளவரசியையும் அவரே போய் அழைத்து வந்தார். சந்தனத்தைக் கரைத்தார். கூடத்தில் நாற்காலி போட்டார். மகள் கேமராவைச் சரியாகத் திருப்பிக் கொடுத்தாள். சந்தனக் கிண்ணத்தோடு நின்ற அமுதம் கேட்டாள்.

"ஏண்ணா, காலைலதானே நாங்கல்லாம் செலியமேட்டுக்கு வந்து சாப்ட்டோம். இன்னொரு வாட்டி எதுக்கு?"

உண்மையைச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் பாகூர் முழுக்கச் சிரிக்கும். ஏகநாதன் தொண்டையைக் கனைத்தார்.

"ஒண்ணு போதாதுன்னுதான்மா."

அமுதம் ஏகநாதனைப் பார்த்தாள். பிரியதர்ஷினியின் வயிற்றைப் பார்த்தாள். இளவரசியைப் பார்த்தாள்.

"அதான பாத்தேன். வயிறு அப்பவே பெருசாதான் தெரிஞ்சுது" என்றாள் இளவரசி.

போட்டோ அவசரத்தில் ஏகநாதன் அதைக் காதில் வாங்கவில்லை. எட்டுப் படம் எடுத்தார். எட்டிலும் மகள் இருந்தாள். தலையும் இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு போட்டோவைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம் வந்தது.

அந்தச் சந்தோஷம் இருபது நிமிடம் நீடித்தது. சம்பந்தியம்மாள் கலியம்மாள் போன் செய்தாள்.

"ஏன் சம்பந்தி, ரெட்டப் புள்ளன்னு எங்ககிட்ட சொல்லக் கூடாதா? ஊரு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியணுமா?"

"ரெட்டையா? யாரு சொன்னது?"

"அமுதத்தோட நாத்தனா எங்க தெருதான். ரெண்டாவது வளைகாப்பு வெச்சீங்களாமே. நீங்களே உங்க வாயால ஒண்ணு போதாதுன்னு சொன்னீங்களாமே."

"ஐயோ, அது வளைகாப்பச் சொன்னேன்மா. புள்ள ஒண்ணுதான்."

"சரி சரி, கண்ணு பட்டுடும்னு மறைக்கறீங்க. நானும் வெளிய சொல்லல" என்றாள் கலியம்மாள், ரொம்ப இறங்கிய குரலில். "மருமவகிட்ட குடுங்க."

மகளும் சத்தியம் செய்தாள். சத்தியம் செய்யச் செய்ய அந்தப் பக்கம் நம்பிக்கை வளர்ந்ததே தவிரக் குறையவில்லை. ஏகநாதன் வாசலுக்குப் போய் அமுதத்தைக் கூப்பிட்டுத் திருத்தப் பார்த்தார். அமுதம் வாயில் விரலை வைத்து, "எனக்குத் தெரியாதாண்ணா" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஐந்தரைக்கு நரேஷ் கூப்பிட்டான்.

"மாமா, லீவு கெடச்சிடுச்சு. ரெட்டன்னு அம்மா சொன்னாங்க, அதச் சொன்னதும் மேனேஜரே குடுத்துட்டாரு. அடுத்த மாசம் வரேன்."

கேட்டுக்கொண்டிருந்த பிரியதர்ஷினியின் முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்த்ததும் ஏகநாதன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பொய்யும் சொல்லாமல் இத்தனை பெரிய பொய்யில் போய் உட்கார்ந்தாகிவிட்டது. எழுந்தால் மகள் அழுவாள், உட்கார்ந்தால் பிரசவத்தன்று எல்லோரும் இன்னொன்று எங்கே என்பார்கள்.

"மாப்ள, அது வந்து... போட்டோ இப்ப அனுப்பறேன், அதப் பாத்துட்டு..."

"போட்டோல்லாம் மத்தியானமே வந்துடுச்சே மாமா. பாத்து அழுதுட்டேன்."

ஏகநாதன் போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அவர் இன்னும் ஒன்றுகூட அனுப்பவில்லை. அந்த அறுபத்திரண்டும் தானாகவே கிளம்பிப் போய்விட்டதா? மாமனார் மூக்கைப் பார்த்து மாப்பிள்ளை அழுதிருக்கிறானா? போனைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடியில் இருக்கும் ரோஸ்லினின் செல்போன் கடைக்கு ஓடினார். படத்துக்குப் பிரிண்ட் போட்டுக் கொடுப்பதும் அந்தக் கடைதான்.

"ஏம்மா, இதுல இருந்து மாப்ளைக்குப் படம் எதுனா போயிருக்கா பாரு."

ரோஸ்லின் போனைத் தட்டிப் பார்த்தாள். "ஒண்ணும் போவலண்ணா. உங்க சம்பந்தி வூட்ல புடிச்ச படத்தல்லாம் சுலோசனா அக்காவே வாங்கி மாப்ளைக்கு அனுப்பிச்சிடுச்சு. இதுல இருந்து வந்தது எனக்குத்தான்."

"உனக்கா?"

ரோஸ்லின் மேசைப் பக்கம் கையைக் காட்டினாள். இயந்திரம் ஒவ்வொன்றாகப் படத்தைத் துப்பிக்கொண்டிருந்தது. ஏகநாதன், ஏகநாதன், ஏகநாதன். கண் கலங்கிய அந்த ஏகநாதனை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தனியே வைத்திருந்தார்கள்.

அவருக்குக் காது வரை சூடேறியது. "அதெல்லாம் தப்பா வந்ததும்மா. கேமரா எப்படியோ திரும்பிக்கிச்சு. எதுக்குப் பிரிண்ட் போடற?"

"தானா எங்கண்ணா திரும்பும்? 'ஆதார் கார்டு தவிர அந்த மனுசன் மூஞ்சி எங்க வூட்ல எங்கயும் இல்ல, இன்னிக்கு வுட்டா சிக்க மாட்டாரு'ன்னு, அக்கா காலைல கட தொறந்ததும் வந்து என்கிட்டதான் திருப்பி வெச்சிகினு போச்சு."