பஞ்சு மேடத்துக்கு எழுதிக் கொடுத்த வீடுகள்

இருபது வருஷம் பாடம் நடத்திய ஆசிரியர்களை அரை மணி நேரத்தில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளாக்கி விழிக்க வைக்கும் வல்லமை இந்தப் பூமியில் ஒருவருக்குத்தான் உண்டு. அவர் பஞ்சு மேடம். இமயமலைக்கு அந்தப் பக்கம் வேறு யாராவது இருக்கலாம். அவிநாசி ரோட்டில் கிடையாது.

கைப்பையில் எந்நேரமும் ஒரு சுருள் பஞ்சு வைத்திருந்ததால் ஆசிரியர்கள் வைத்த பெயர் அது. போன வருஷம் சனிக்கிழமைதோறும் உடுமலையிலிருந்து பஸ் ஏறி, என் மகள் படிக்கும் பள்ளிக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த ஒடியா, இந்திக் குடும்பங்களின் குழந்தைகள் அங்கே நிறைய. அவர்களோடு என் யாழினி மாதிரி சிலரும் உண்டு. இவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் பயிற்சி.

யாழினிக்கு ஆறு வயது. பேச்சு குறைவு. வகுப்பு ஆரம்பித்தால் மேஜைக்கு அடியில் போய்விடுவாள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்: எல்லாம் என்னால்தான். கர்ப்பத்தில் செல்போன் பார்த்தேன், அன்னாசி தின்றேன், சீரியல் பார்த்து அழுதேன்.

ஹெச்.எம். அம்மா என்னைக் கூப்பிட்டு, "டீச்சருங்களுக்குப் பயிற்சி முடியட்டுமுங்க. அப்பவும் சமாளிக்க முடியலீன்னா வேற ஸ்கூல் பாத்துக்கங்க" என்றார்.

"சரிங்க மேடம்" என்றேன். மனசுக்குள் ஆயிரம் 'இல்லீங்க' ஓடும். வாயில் வருவது 'சரிங்க' ஒன்றுதான்.

மகளின் இடம் முடிவாகும் அறையில் நிற்க ஒரு சாக்கு வேண்டுமே! பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு டீ கொடுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் நாள் மேடம் உள்ளே வந்ததும் ஒடியாவில் ஆரம்பித்தார். தமிழில் ஒரு 'வணக்கம்' கூட இல்லை. போர்டில் எழுதினார், அதட்டினார், கேள்வி கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் மொத்த அறையும் "சரிங்க மேடம்" என்று தலையாட்டியது. புரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது நம் ஊரில் மரியாதை இல்லை பாருங்கள்! கணக்கு சார் மட்டும் மும்முரமாக எழுதினார். எட்டிப் பார்த்தேன். பக்கத்து ஆளைக் காப்பியடித்திருந்தார். பக்கத்து ஆள் எழுதியிருந்தது துவரம்பருப்பு, சீரகம், சோப்பு.

அரை மணி கழித்து மேடம் தமிழுக்கு இறங்கி வந்தார். "ஏனுங்க, கடைசியா நான் என்ன கேட்டேன்? உங்க ஊட்டை எனக்கு எழுதிக் குடுக்கறீங்களான்னு கேட்டேன். எல்லாரும் சரின்னு சொல்லிப்போட்டீங்க. எப்ப ரிஜிஸ்டர் பண்ணலாமுங்க?"

சிரிப்பு அடங்கக் காத்திருந்தார். "கடைசி பெஞ்சுல தலையாட்டற ஒடியாப் பொண்ணும் இதையேதானுங்க செய்யுது. புரிஞ்சுதான்னு கேக்காதீங்க. என்ன புரிஞ்சுதுன்னு கேளுங்க."

டீத் தட்டோடு நின்ற நானும் தலையாட்டியிருந்தேன். எங்கள் வீடு மாமியார் பெயரில் இருப்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

அடுத்த வாரம் பஞ்சு வெளியே வந்தது. எல்லார் காதிலும் பஞ்சு, கையில் கிரிக்கெட் கிளவுஸ். சட்டைப் பொத்தானைக் கழற்றி மாட்ட வேண்டும். "வேகமா, வேகமா! பக்கத்துல முடிச்சுட்டாங்க பாருங்க!" என்று மேடம் காதருகே கத்தினார். மைதானத்தையே நடுங்க வைக்கும் பி.டி. சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் சோம்பேறி இல்லீங்க மேடம், கை வரமாட்டேங்குது." மேடம் என் டீத் தட்டிலிருந்து அவருக்கு ஒரு பன் எடுத்துக் கொடுத்தார். கிளவுஸைக் கழற்றவிடவில்லை.

ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "மேடம், வயித்துல இருக்கறப்ப அன்னாசிப்பழம் தின்னுபோட்டேனுங்க. அதனாலயா யாழினி இப்படி?"

"எத்தனை தின்னீங்க அம்மணி?"

"ரெண்டு துண்டுங்க."

"மொளகாப்பொடி போட்டா?"

"ஆமாங்க."

"அப்ப நல்லா இருந்திருக்குமே!" என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஆறு வருஷமாக நான் சுமந்த அன்னாசி அன்றைக்கு இறங்கியது.

கடைசி சனிக்கிழமை குழந்தைகளையும் வரச் சொல்லி மாதிரி வகுப்பு. பின்னால் ஹெச்.எம். அம்மா. நடத்தியவர் யாழினியின் வகுப்பாசிரியை சுமதி டீச்சர். பாடம் தொடங்கியதும் யாழினி வழக்கம்போல அடியில் போனாள். ஹெச்.எம். என்னைப் பார்த்தார். என் நாக்கில் 'சரிங்க' தயாராக வந்து நின்றது.

சுமதி டீச்சர் உதவிக்கு மேடத்தைப் பார்த்தார். மேடம் ஜன்னல் வழியாகக் காக்காய் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் சேலையை இழுத்துச் செருகினார், குனிந்தார், அவரும் மேஜைக்கு அடியில் போய்விட்டார். கனமான உடம்பு. மேஜை லேசாக மேலெழும்பியது.

அடியிலிருந்து டீச்சர் குரல் வந்தது: "மேடம், இங்க நல்லா இருக்குதுங்க."

"என்ன நல்லா இருக்குது?"

"மேல ஃபேன் நிழல் வெட்டி வெட்டிச் சுத்துதுங்க. இங்க அது இல்லீங்க."

எல்லாரும் மேஜையைப் பார்த்தோம். ஃபேனுக்கு மேலே டியூப் லைட். மேஜை முழுக்க இறக்கை நிழல் படபடத்துக்கொண்டிருந்தது. இத்தனை மாதத்தில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. லைட்டை அணைத்தார்கள். யாழினி உடனே வரவில்லை. முதலில் தலை, அப்புறம் ஒரு கை, அப்புறம் பென்சில் என்று தவணை முறையில் வெளியே வந்து உட்கார்ந்தாள். சுமதி டீச்சரை வெளியே எடுக்கத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

"டீச்சர், உங்களால முடியுமுங்களா?" என்று கேட்டார் ஹெச்.எம்.

"முடியுமுங்க. மேஜை மட்டும் கொஞ்சம் பெருசா வேணுமுங்க."

யாழினி அங்கேயே படிக்கிறாள். இன்னமும் சில நாள் அடியில் போகிறாள். இப்போது யாராவது குனிந்து ஏன் என்று பார்க்கிறார்கள்.

அந்தக் கடைசி சனிக்கிழமை மேடம் டீத் தட்டில் பஞ்சுச் சுருளை மறந்து வைத்துவிட்டு உடுமலை பஸ்ஸைப் பிடித்துவிட்டார். நான் அதை வீட்டுக்கு எடுத்து வந்து வைத்திருந்தேன். கார்த்திகைக்கு முந்தின நாள் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "அந்தப் பஞ்சை எடு கண்ணு, வெளக்குக்குத் திரி திரிக்கலாம்" என்றார்.

'சரிங்க' பாதி வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"இல்லீங்க அத்தை" என்றேன். "வேற வாங்கிட்டு வாரேனுங்க. இது எங்க மேடத்துது."