மங்கல் சாரும் ரோஸ் மேடும்

எஸ்தர், டேனி, எத்தனை லெவல் இறங்கித் தோண்டினாலும் மங்கல் சாரைப் போல இன்னொருவர் கோலார் தங்கவயலில் கிடைக்கமாட்டார். அவரிடம் படித்தபோது நீங்கள் ரொம்பச் சின்னவர்கள். மறந்திருப்பீர்கள், அதனால் எழுதுகிறேன்.

வாரமெல்லாம் பெங்களூருக்கு ரயிலில் போய் வந்தவர், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் ஹாலில் உங்களுக்கு இம்ப்ரஷனிசம் சொல்லிக்கொடுத்தார். பெயரைக் கேட்டு ஏதோ புது தடுப்பூசி என்று உங்கள் அம்மா பயந்துவிட்டாள். "பொருள வரையாதீங்க கண்ணுங்களா. அதுமேல விழற வெளிச்சத்த வரைங்க. கண்ண சுருக்கிப் பாருங்க" என்பார். கறுப்புப் பெயின்டைப் பூட்டிவைத்தார், நிழல் ஊதாவாம். பெயின்டோடு மிட்டாய்த்தாள், ரவை, புடவைத் துண்டு எல்லாம் ஒட்டவேண்டும். மேகத்துக்குப் பஞ்சு போதாமல் தன் தலையணையையே கிழித்தார்.

கொஞ்ச நாளில் நம் ஸ்கெலட்டன் காலனிப் பிள்ளைகள் அத்தனை பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டே நடந்தார்கள். டேனி, நீ குழம்பில் ஊதா தெரிகிறது என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாய். எல்லாரையும் கண் டாக்டரிடம் ஓட்டிப்போனோம். கோளாறு ஒன்றுமில்லை என்றார். யார் நம்பினார்கள்? கடைசியில் ஒரு முடிவு: கண்காட்சி வைக்கட்டும். சாரும் பிள்ளைகளும் வாய் திறக்கக்கூடாது. படம் என்னவென்று ஒருவராவது சொல்லாவிட்டால் ஹால் சாவியைப் பிடுங்கிவிடுவது, வகுப்பு அத்தோடு சரி.

நீங்கள் எல்லாரும் சேர்ந்து செய்த பெரிய அட்டை சுவரில் தொங்கியது. ரோஸ், ஊதா, பளபளப்பு. மூக்கு உரச நின்று பார்த்தோம்.

"இன்னா சார் இது? உப்புமா கொட்டிக்கிச்சா?" என்றார் ஹால் பொறுப்பாளர்.

மங்கல் சார் கூரையைப் பார்த்தார். எஸ்தர், உன் உதடு பிதுங்க ஆரம்பித்தது.

வாசலில் சுரங்கத்து பென்ஷன் தாத்தா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கண்புரை ஆபரேஷனுக்குக் காத்திருந்தவர். எதிரே வருகிற ஆளைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். அங்கிருந்தே சொன்னார்:

"அட, நம்ம சயனைடு மேடு. நைட் ஷிப்டு முடிஞ்சி சொரங்கத்துலேர்ந்து கேஜ்ல மேல வந்தா இப்பிடித்தான் நிக்கும்."

எல்லாரும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தோம். ஒருவர் காலை ஒருவர் மிதித்து, பொறுப்பாளர் பசை வாளியில் உட்கார, சுவரில் மேடு எழுந்து நின்றது. தங்கம் பிரித்தபின் கொட்டிய, தினமும் பார்க்கிற அதே மண்மேடு, ரோஸ் கலரில். பசையோடு எழுந்த பொறுப்பாளர் சாவியைப் பற்றிப் பேசவேயில்லை.

மறுநாள் காலை ரயிலுக்குப் போகும்போது, ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நின்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கண்ணைச் சுருக்கி மேட்டைப் பார்த்தேன். சார் ஏறியிருக்கும், நான் ஏறவேண்டிய ரயில் கிளம்புகிற சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் சுருக்கினேன்.

"ரோஸ்தான் சார்" என்றேன்.