ஏழாவது அடுக்கு

எண்பத்து நாலாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பிட்டு முடித்த தட்டை ஒரு குத்துக் குத்தி நான் சபதம் செய்தேன்.

"இனிமே இந்த வீட்டுலருந்து ஒரு பொட்டுச் சத்தம் வெளிய போகாது!"

தட்டு உருண்டோடி அடுப்படி வாசலில் விழுந்து வெகுநேரம் சத்தம் போட்டது. பாண்டியம்மாள் அது அடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, "சரிங்க" என்றாள்.

கல்யாணமான பதினோரு வருஷத்தில் என் மனைவி ஒரே சொல்லில் ஒத்துக்கொண்ட விஷயம் அது ஒன்றுதான். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

நான் பகலில் ஒரு பஞ்சாலையில் டைம் கீப்பர். மூன்று நிமிஷம் பிந்தி வருகிறவன் பெயருக்கு எதிரே சிவப்பு மையால் கோடு போடுவது என் உத்தியோகம். சாயங்காலத்தில் தவசி அண்ணனுடைய மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வேலைதான். பிந்துகிறவனைப் பிடிப்பது.

குழு ஒத்திகை பார்த்துவந்தது ஒரு தையல்கடை மாடியில். அந்தத் தையல்காரர் மகள் பிரசவத்துக்கு வந்தாள். பிள்ளை பிறந்தது. பிள்ளை தூங்க வேண்டும் என்று எங்களைக் கிளப்பிவிட்டார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் தவசி அண்ணன் ஆர்மோனியப் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மில் வாசலுக்கே வந்துவிட்டார்.

"மாப்ள, வைகாசியில சோழவந்தான் திருவிழா மேடை நமக்கு. பாடுற பொண்ணு கல்யாணமாகித் திருப்பூர் போயிருச்சு. அந்தக் கவலை ஒருபக்கம். ஒத்திகைக்கு இடம் இல்ல, அது ஒருபக்கம். பங்குனி முடியறதுக்குள்ள இடம் கெடைக்கணும். சமயநல்லூர்ல விருமாண்டின்னு ஒரு பையன், எங்க மாமன் குடோன் சும்மாதாண்ணே கெடக்குங்கறான்."

"நல்லதுதானண்ணே."

"அவனும் டிரம்ஸ்தான் வாசிக்கிறான்."

இதை மட்டும் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதுதான் எனக்குப் பலமாகக் கேட்டது. இடம் யாருடையதோ, டிரம்ஸும் அவனுடையது. பதினாலு வருஷம் நான் உட்கார்ந்த முக்காலியில் ஒரு குடோன் உட்காரப் போகிறது.

எங்கள் வீடு கீழவாசல் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. எனக்கு முன்னால் அதில் இருந்தவர் தானிய வியாபாரி. கம்பும் சோளமும் போட்டுவைக்க வீட்டுக்கு அடியில் ஒரு நிலவறை தோண்டியிருந்தார். ஏழு படி இறங்க வேண்டும். பத்தடி நீளம், எட்டடி அகலம். காற்றுக்கு ஒரே ஒரு துவாரம், ஒரு கை நுழையும் அளவு. உள்ளே நின்றால் தலை உயரத்தில் இருக்கும். வெளியே சந்தில் தரையோடு தரையாக இருக்கும்.

ஒத்திகைக்கு இடம் நானே கொடுத்துவிட்டால் முக்காலியும் என்னிடமே இருக்கும். அந்த அறையைத்தான் நான் சத்தம் தப்பாத கோட்டையாக மாற்றப் போகிறேன். ஆனால் தப்பவில்லை என்று சொல்ல ஒரு ஆள் வேண்டுமே? நான் உள்ளே வாசிப்பேன். வெளியே ஒருவர் நின்று, கேட்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். மதுரை முழுக்க அம்புட்டுக் காது இருக்கும்போது நான் என் மனைவியின் காதைத் தேர்ந்தெடுத்தேன். இந்தக் கதையில் என் தவறு இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து முளைத்தவை.

முதல் அடுக்கு, சாக்கு. நாலு சுவரிலும் மரச் சட்டம் அடித்து இரட்டைச் சாக்காக ஆணி அடித்தேன். உள்ளே போய்ப் பத்து நிமிஷம் வாசித்தேன். வியர்த்து மேலே வந்தேன்.

"கேட்டுச்சா?"

"பக்கத்துல உக்காந்து வாசிக்கிற மாதிரி இருந்துச்சுங்க."

இரண்டாவது அடுக்கு, முட்டைக் கடையில் வாங்கிய காகிதத் தட்டுகள். குழி குழியாக இருந்தால் சத்தம் குழிக்குள் விழுந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். இருநூற்றுப் பத்துத் தட்டு. ஒட்டி முடித்தபோது அறை ஒரு பெரிய கோழியின் வயிறு மாதிரி இருந்தது. அன்று வாசிப்பின் நடுவே குச்சியை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தேன். மேலே எங்கோ, மிக லேசாக, ஒரு பெண்குரல் பாடுவதுபோல இருந்தது. நூல் மாதிரி. பிடிப்பதற்குள் அறுந்துவிட்டது.

படியேறி வந்தேன். பாண்டியம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ரேடியோ வச்சியா?"

அவள் கை நின்றது. "ஏன்? ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"லேசா."

அடுத்த பூண்டை எடுத்துக்கொண்டாள். "அப்ப இது பத்தாதுங்க. இன்னும் கனமா வையிங்க."

எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டு ரேடியோ மூன்று மாதமாக ரிப்பேர் கடையில் கிடக்கிறது என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை.

மூன்றாவது அடுக்கு, தேங்காய் நார். நாலாவது, வைக்கோல். வைக்கோலைக் கைவண்டியில் கொண்டுவரும்போது சந்து முனையில் ஒரு மாடு என் சுவரில் கால்வாசியைத் தின்றுவிட்டது. மிச்சத்தைச் சாக்கில் திணித்து அடித்தேன். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரே கேள்வி, ஒரே பதில்.

"இப்ப?"

"கேக்குதுங்க."

"எப்படிக் கேக்குது?"

"மொத மாதிரி இல்ல. தூரத்துல யாரோ கதவத் தட்டுறாப்ல. ஆனா கேக்குது. விருமாண்டி குடோன்ல இதுகூடக் கேக்காதுல்ல?"

விருமாண்டி பெயரை எங்கே செருக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

எனக்கே சந்தேகம் வந்து, எதிர்வீட்டு யூனுஸ் பாயைக் கூப்பிட்டுச் சந்தில் நிற்க வைத்தேன். வீட்டு முன்னாலேயே கடை போட்டு மெத்தை தைக்கிறவர். பொய் சொல்லாத மனிதர் என்று பெயர் எடுத்தவர். வாசித்துவிட்டு வந்து கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே மாடி ஜன்னலைப் பார்த்தார். அங்கே என் மனைவியும் அவர் மனைவி சபியாவும் நின்றிருந்தார்கள்.

"கேக்குதுண்ணே" என்றார், வலுக்கட்டாயமாக மாத்திரை விழுங்குகிறவர்போல. "வேணும்னா நம்மகிட்ட பழைய பஞ்சு கெடக்கு. எடுத்துக்கங்க."

ஐந்தாவது அடுக்கு அந்தப் பஞ்சு. பஞ்சோடு வந்த மூட்டைப்பூச்சிகளுக்கும் அறை பிடித்துப்போயிற்று. ஆறாவது அடுக்குக்கு என் மனைவியே அவள் சீர்வரிசையில் வந்த கனத்த மெத்தைகளை எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு அடுக்கிலும் மூடாமல் விட்டுவந்த காற்றுத் துவாரத்தைத் துணியில் சுற்றிய பஞ்சுருண்டையால் அடைக்கச் சொன்னதும் அவள்தான்.

அன்று வாசித்துவிட்டு, அவித்த பனங்கிழங்கு மாதிரி ஆவி பறக்க மேலே வந்தேன்.

"இப்ப சுத்தமாக் கேக்கல" என்றாள். பிறகு, "ஒங்களுக்கு? மேல நடக்கறது ஏதாச்சும் உள்ள கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கல."

"ஒண்ணுமேவா?"

"இடி விழுந்தாக்கூடத் தெரியாது."

அவள் முகத்தில் விளக்கேற்றியதுபோல ஒன்று வந்து போனது. என் வெற்றியில் இவளுக்கு இம்புட்டுச் சந்தோஷமா என்று எனக்குப் பெருமையாகப் போயிற்று.

அடுத்த இரண்டு வாரம் தினமும் ஐந்து மணி முதல் ஆறரை வரை நான் பூமிக்கு அடியில் இருந்தேன். சுவர்கள் உள்பக்கமாக வளர்ந்து வளர்ந்து அறை இப்போது ஆறடிக்கு நாலடி. முதலில் நான் போய் உட்கார வேண்டும். பிறகு பாண்டியம்மாள் டிரம்களை ஒவ்வொன்றாக என்மேல் அடுக்குவாள். கதவை வெளியிலிருந்து சாத்துவாள். ஆறரைக்கு வந்து பிரித்து எடுப்பாள். இத்தனை நெருக்கத்தில் மற்ற நாலு பேர் எங்கே உட்காருவார்கள் என்ற கேள்வி எனக்கு ஒருநாளும் வரவில்லை. சத்தத்தை அடைக்கிற மும்முரத்தில் ஆளை மறந்துவிட்டேன்.

பங்குனி கடைசி ஞாயிற்றுக்கிழமை தவசி அண்ணன் இடம் பார்க்க வந்தார்.

"அண்ணே, நீங்க மேல உக்காருங்க. நான் உள்ள கால் மணி நேரம் வாசிக்கிறேன். ஒரு துளி கேட்டாலும் முக்காலிய விருமாண்டிக்கே குடுத்துருங்க."

என் வாழ்க்கையில் அப்படி வாசித்ததில்லை. பதினாலு வருஷத்தையும் அந்தக் கால் மணி நேரத்தில் அடித்தேன். கதவு திறந்தது. பாண்டியம்மாள் என்மேலிருந்து டிரம்களை எடுத்தாள். அவள் கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்று நினைத்தேன்.

மேலே தவசி அண்ணன் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த காப்பியில் ஆடை படிந்திருந்தது. எதிர்வீட்டு வாசலில் யூனுஸ் பாயும் சபியாவும் கோயிலில் நிற்பதுபோல நின்றிருந்தார்கள்.

"டிரம்ஸ் ஒரு துளி கேக்கல மாப்ள" என்றார் அண்ணன். "ஒம் பொஞ்சாதி பாடுனது மட்டுந்தான் கேட்டுச்சு."

"யாரு பாடுனது?"

"பதினாலு வருஷமா என்கூட இருக்க. வீட்டுல இப்படி ஒரு குரல வச்சுக்கிட்டு, நான் ஊரு ஊராப் பாடுற பொண்ணு தேடுறதப் பாத்துக்கிட்டு இருந்திருக்க. நீயெல்லாம் ஒரு ஆளா?"

யூனுஸ் பாய் வாசலிலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சிருங்கண்ணே. டிரம்ஸ் சத்தம் மூணாவது அடுக்குலயே நின்னுபோச்சு. கேக்குதுன்னு சொல்லச் சொன்னது தங்கச்சிதான். தினம் அஞ்சு மணிக்கு நாங்க கடையச் சாத்திட்டு வந்து உக்காந்துருவோம். நீங்க வெளிய வராம இருக்கணுமேன்னு சபியா துஆ கேப்பா."

தவசி அண்ணன் போனபிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. நான் சபதம் செய்தது போலவே.

"எனக்குத் தெரியாமப் பாடணுமா?" என்றேன். "நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்?"

"சொன்னீங்க."

"எப்ப?"

"கல்யாணம் ஆன மொத மாசம். சாயங்காலம் துணி மடிச்சுக்கிட்டே பாடிக்கிட்டிருந்தேன். நீங்க வந்து டம்ளர்ல தட்டுனீங்க. ரெண்டு வரி போச்சு. 'நீ பிந்துற, தாளம் நிக்கல'ன்னீங்க."

எனக்கு ஞாபகமே இல்லை. யாருக்கெல்லாம் சிவப்புக் கோடு போட்டோம் என்று டைம் கீப்பருக்கு எங்கே ஞாபகம் இருக்கும்?

"அதுக்காகப் பதினோரு வருஷமா?"

"காலேஜுல பியுசி படிக்கையில எந்திரிச்சு நின்னாப் போதும், ஹாலே அமைதியாயிரும். இங்க வாயத் தெறந்தா ஒரு டம்ளரோ ஒரு கதவோ எதையாச்சும் தட்டிருவீங்க. நீங்க தப்பா ஒண்ணும் செய்யலங்க. ஒங்க கை அப்படி." அவள் மடித்த சேலையையே திரும்பவும் பிரித்து மடித்தாள். "கை இல்லாத எடத்துல பாடிப் பாக்கணும்னு இருந்துச்சு. நீங்களே சாக்கும் ஆணியுமா வந்து நின்னீங்க."

ஆறு அடுக்கையும் அடித்தது இந்தக் கைதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. தவசி அண்ணன் படியிறங்கி அறையைப் பார்த்தார். சத்தத்துக்கு நூற்றுக்கு நூறு மார்க் போட்டார். பிறகு கையை நீட்டி இரண்டு பக்கச் சுவரையும் ஒரே நேரத்தில் தொட்டார்.

"மாப்ள, பாடகி ஒருத்தர். ஆர்மோனியம் ஒண்ணு. தபலா ஒண்ணு. அம்புட்டுத்தான் கொள்ளும். ஒன் டிரம்ஸ வெளிய எடுத்துரு."

"அப்ப நானு?"

"மேடையில நீதான், அதுல மாத்தமில்ல. விருமாண்டியும் வேணாம், குடோனும் வேணாம். ஒத்திகைக்கு மட்டும் நீ வேணாம்."

நான் பாண்டியம்மாளைப் பார்த்தேன். அவளாவது ஒரு வார்த்தை சொல்வாள் என்று.

"நீங்க வெளிய நின்னு, சத்தம் கேக்குதான்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

"ஒரே ஒரு பாட்டு, படியில உக்காந்து கேட்டுக்கறேனே."

"சோழவந்தான் மேடையில கேட்டுக்கங்க. அங்க நீங்க தட்டித்தான் ஆகணும்." கதவு சாத்திக்கொண்டது.

கதவில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. சுவரில் வைத்தேன். ஒன்றுமில்லை. பிடிப்பதற்குள் அறுந்துபோன அந்த நூலை நினைத்துக்கொண்டேன். அப்போது இரண்டு அடுக்குதான் இருந்தது. முட்டைத் தட்டோடு நிறுத்தியிருந்தால் இப்போது கேட்டிருக்கலாம். இவ்வளவு கச்சிதமாக நான் வேறு எந்த வேலையும் செய்ததில்லை.

மெதுவாக வாசலுக்கு வந்தேன். சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை. யூனுஸ் பாய் மட்டும் கடையில் ஊசியோடு உட்கார்ந்து, தெரியாததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டித் தரையில் முழங்காலிட்டேன். துவாரத்திலிருந்து பஞ்சுருண்டையைத் திருகித் திருகி உருவினேன். காதை வைத்தேன்.

கேட்டது.

அதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அளக்கத் தொடங்கிவிடுவேன். பிந்தத்தான் பிந்தினாள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு நொடி நின்று, எதையோ திரும்பிப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த ஒரு நொடியில்தான் பாட்டு இருந்தது. பதினோரு வருஷமாக அந்த நொடியைத்தான் நான் தட்டித் தட்டி மூடிவந்திருக்கிறேன். கண்ணில் நீர் முட்டியது. மண்ணில் கன்னம் பதிய அப்படியே கிடந்தேன்.

பாட்டு நின்றது.

ஏன் என்று பார்த்தேன். என் வலது கை, என்னைக் கேட்காமல், சுவரில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து வளையல் போட்ட ஒரு கை வந்து, நான் உருவியதைவிடப் பெரிய பஞ்சுருண்டையாகப் பார்த்து வைத்து அடைத்தது.