ஊரார் செலவில் ஒரு கோவா

கரோலின் சிவப்புக் கார்டைக் கொடுத்துவிட்டாள்.

அரிசி, பருப்பு, சோப்பு எல்லாம் சேர்த்து நாலாயிரத்து இருநூறு ரூபாய். தங்க வயல் ராபர்ட்சன்பேட்டையில் மனோகர் கடையில், பட்டப்பகலில், கணவர் டென்னிஸ் பக்கத்தில் நிற்கும்போதே இது நடந்துவிட்டது. அவர் அந்த நேரம் பார்த்து வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“எத்தினி வாட்டி சொல்றது கரோலின்? சிவப்பு மருந்துக்கு. நீலம் பெட்ரோலுக்கு. மத்த எல்லாத்துக்கும் கறுப்பு. கறுப்புலதான் கோவா இருக்குது.”

“எனக்கு இன்னாங்க தெரியும்? கைக்கு வந்ததைக் குடுத்தேன்.”

“மொத்தப் பாயிண்ட்டும் போச்சே.”

“போனா போவுது. வண்டிய எடுங்க, மழை வருது.”

டென்னிஸ் வண்டியை எடுத்தார். வழியெல்லாம் “நாலாயிரத்து இருநூறு” என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மனுஷனுக்கு அவ்வளவு வருத்தம்.

வருத்தப்படக் காரணம் இருந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால், கோரமண்டல் சர்ச் ஹாலில் நடந்த கல்யாண விருந்தில், மாப்பிள்ளை டென்னிஸ் மைக்கைப் பிடுங்கி, “நாங்க பிளேன்ல கோவா போறோம்” என்று அறிவித்தார். பாதிரியார் உட்பட எல்லோரும் கை தட்டினார்கள். போனது பங்காருப்பேட்டை அத்தை வீட்டுக்கு. அதுவும் பாசஞ்சர் ரயிலில்.

கரோலின் அதை ஒருநாளும் குத்திக் காட்டியதில்லை. ஆனால் வானத்தில் பிளேன் சத்தம் கேட்டால் போதும், தைத்துக்கொண்டிருக்கிற ஜாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு வந்து, கண்ணுக்கு மறையும்வரை அண்ணாந்து பார்ப்பாள். திட்டியிருந்தால்கூட டென்னிஸ் தாங்கியிருப்பார். அந்த அண்ணாந்த பார்வையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இந்த வருஷம்தான் போனில் ஒரு வீடியோக்காரன் கிடைத்தான். வருஷத்தில் பாதி நாள் ஏர்போர்ட்டிலேயே குடியிருக்கிற ஆள். எந்தக் கார்டை எங்கே தேய்த்தால் எங்கே பறக்கலாம் என்று புட்டுப் புட்டு வைத்தான். டென்னிஸ் மூன்று கிரெடிட் கார்டு வாங்கினார். கறுப்புக் கார்டில் தொண்ணூறு நாளைக்குள் ஒன்றரை லட்சம் செலவு செய்தால் கோவாவுக்கு ரெண்டு டிக்கெட்டுக்குப் பாயிண்ட் கிடைக்கும். கெடு நவம்பர் முப்பது. கல்யாண நாள் ஜனவரியில். கணக்குக் கச்சிதமாக இருந்தது.

“ஒன்றரை லட்சமா?” என்றாள் கரோலின். “அப்போ ஒரு ஃப்ரிட்ஜை வாங்கிடலாமே. நம்மளது கதவே நிக்க மாட்டேங்குது.”

கதவு நிற்காததால்தான் டென்னிஸ் தன்னுடைய பழைய பெல்ட்டைப் போட்டு அதைக் கட்டிவைத்திருந்தார்.

“பெல்ட்டு இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும். இத பாரு, நம்ம காசைப் போட்டு நாமளே பறந்தா அது ஓசியா? ஊரார் செலவு பண்ணணும், நாம பறக்கணும். அதுலதான் கெத்து.”

கரோலின் ஊசியில் நூல் கோத்தாள்.

மறுநாள் காலை மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் போகிற ரயிலில் டென்னிஸ் திட்டத்தை வெளியிட்டார். தினமும் அதே பெட்டி, அதே முகங்கள். கர்ச்சீப் போட்டு இடம் பிடித்து உட்கார்ந்த இருபது பேரும் கேட்டார்கள்.

“யாருக்கு இன்னா வாங்கணும்னாலும் என்கிட்ட சொல்லுங்க. கார்டு நான் போடறேன், காசு நீங்க எனக்குக் குடுங்க.”

“எங்கப்பன் சுரங்கத்துக் கேஜ்ல எட்டாயிரம் அடி கீழ போனாரு” என்றான், டென்னிஸோடு ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிற சம்பங்கி. “நீ எங்க செலவுல முப்பதாயிரம் அடி மேல போறியா? போ மச்சான், போ. என் வண்டிக்குப் பெட்ரோல் போடு முதல்ல.”

அதுவே நல்ல யோசனையாகப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் டென்னிஸ் பெட்ரோல் பங்கில் போய் நின்றுகொண்டார். சபையில் வண்டி வைத்திருந்த அத்தனை பேரும் வரிசையில் வந்தார்கள். பேண்ட் பாக்கெட் புடைக்கக் காசு வாங்கிப் போட்டுக்கொண்டு, கறுப்புக் கார்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு ஞாயிறு இப்படிப் போனது. வழியில் போனவர்கள், டென்னிஸ் எலெக்‌ஷனில் நிற்கிறாராம், எல்லோருக்கும் பெட்ரோல் போடுகிறாராம் என்று பேசிக்கொண்டார்கள். மூன்றாவது ஞாயிறு, முன்பின் பார்த்தே இராத நாற்பது பேர் வந்து நின்றார்கள். காசு கேட்டால், “ஓட்டுப் போடறோம்ணா” என்றார்கள். டென்னிஸ் பின்பக்கமாக நழுவி வீடு வந்து சேர்ந்தார்.

அன்றைக்கே கார்டு கம்பெனிக்குப் போன் போட்டு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்டார்.

“சார், பெட்ரோல் செலவு இந்த இலக்கில் சேராது” என்றது ஒரு இனிமையான பெண் குரல்.

“ஒண்ணுமேவா?”

“ஒன்றுமே சேராது சார். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?”

“பெட்ரோலுக்கு நீலம்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றாள் கரோலின், தையல் மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் நியாயமாகத்தான் கேட்டாள்.

விட்டதைப் பிடிக்க டென்னிஸ் பெரிய செலவாகத் தேடினார். சம்பங்கியின் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். தோடும் செயினும் வாங்க வேண்டும். டென்னிஸ் நகைக்கடைக்கே கூடப் போய், ஒரே இழுப்பில் நாற்பதாயிரத்துக்குத் தேய்த்துவிட்டு, கடைக்காரர் கொடுத்த கூல்டிரிங்க்ஸையும் குடித்துவிட்டு வந்தார்.

“சார், தங்க நகைக்குப் பாயிண்ட் கிடையாது” என்றது அதே குரல்.

மறுநாள் ரயில் பெட்டி சிரிப்பில் குலுங்கியது.

“தங்க வயல்ல பொறந்தவனுக்கு தங்கம் செல்லாதுன்றாங்களே” என்றான் சம்பங்கி. “இத எங்கப்பன் கேட்டிருந்தா கேஜ்ல காலே வெச்சிருக்க மாட்டாரு.”

அடுத்து சர்ச் கமிட்டி. கிறிஸ்துமஸுக்கு அறுபது பிளாஸ்டிக் சேர் வாங்க வேண்டுமென்று பேச்சு வந்தபோது, டென்னிஸ் எழுந்து நின்று கேட்டு வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை முன்கூட்டியே போன் போட்டு விசாரித்தார். சேர் செல்லும். முப்பத்தாறாயிரம் ரூபாய் பாயிண்ட் கணக்கில் ஏறியது. டென்னிஸ் வீட்டுக்குள் நுழையும்போது விசில் அடித்தார்.

கமிட்டி சொன்ன சொல் தவறாமல் மறுவாரமே காசு கொடுத்தது, காணிக்கைப் பெட்டியிலிருந்து. இரண்டு கோணிப்பை. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து, எல்லாம் சில்லறை.

“இவ்வளவையும் ஒரே நாள்ல எண்ண முடியாது” என்று பேங்க்கில் சொல்லிவிட்டார்கள். “தினம் கொஞ்சம் கொண்டாங்க.”

மூன்று வாரம் டென்னிஸ் சாப்பாட்டுப் பையில் சில்லறை சுமந்துகொண்டு வேலைக்குப் போனார். அவர் பெட்டியில் ஏறினால் சலங்கை கட்டியவர் ஏறுகிற மாதிரி சத்தம் வந்தது. சம்பங்கி அவரை உண்டியல் என்று கூப்பிட ஆரம்பித்தான். பெட்டி முழுக்க அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இத்தனைக்குப் பிறகும், ரயில் சிநேகிதர்கள் வாங்கிய சாமான்களையெல்லாம் சேர்த்தும், நவம்பர் இருபத்தெட்டாம் தேதி, ஒன்றரை லட்சத்துக்கு நாற்பத்தோராயிரம் குறைந்தது. ஊரில் வாங்க ஆளில்லை. பெட்ரோல் கூட்டத்துக்குப் பயந்து அவர் பங்க் பக்கமே போவதில்லை.

அன்று சாயந்திரம் ஒரு பிளேன் போனது. கரோலின் வாசலுக்குப் போகவில்லை. டென்னிஸ் முகத்தைப் பார்த்துவிட்டு, மெஷினை இன்னும் வேகமாக மிதித்தாள்.

“மன்னிச்சுக்க கரோலின். இந்த வாட்டியும் பங்காருப்பேட்டைதான் போல.”

“அத்தை வீட்ல ஆட்டுக்கால் சூப்பு நல்லாத்தானே இருந்துச்சு” என்றாள் அவள்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பார்வதம்மா வந்து நின்றாள்.

“தம்பி, கார்டுல பொருள் வாங்கித் தர்றீங்களாமே. எனக்கு ஒரு ஃப்ரிட்ஜு வேணும். ரெண்டு கதவு வெச்சது. அப்படியே ஒரு மிக்ஸியும். எங்க பையன் அனிலு துபாய்லருந்து காசு அனுப்பிருக்கான்.”

டென்னிஸுக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது. அரைநாள் லீவு போட்டுவிட்டு, அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் பறந்தார். பார்வதம்மா நிதானமாகச் சுற்றிப் பார்த்தாள். கலர் கேட்டபோது ஒரு நிமிஷம் என்று தள்ளிப் போய், யாருக்கோ போன் பேசிவிட்டு வந்து, “நீலம்” என்றாள். இரண்டும் சேர்த்துச் சரியாக நாற்பத்தோராயிரத்து நூறு ரூபாய். டென்னிஸ் இதைக் கர்த்தருடைய செயல் என்றே எடுத்துக்கொண்டார். அவள் கொடுத்த நோட்டுக்கட்டைச் சுற்றி ஜாக்கெட் துணிக் கிழிசல் ஒன்று கட்டியிருந்தது. அதை அவிழ்த்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

பாயிண்ட் ஏறியது. டிக்கெட் வந்தது. கரோலின் டிக்கெட்டை அச்செடுத்து வரச் சொல்லி, பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு நாலு தடவை பைபிளைத் திறந்தாள்.

ஜனவரியில், பெங்களூர் ஏர்போர்ட்டில், கறுப்புக் கார்டைக் காட்டி, ஓசிச் சாப்பாடு போடுகிற லவுஞ்சுக்குள் போனார்கள். டென்னிஸ் தட்டில் தோசை, பூரி, நூடுல்ஸ், கேக், தர்பூசணி எல்லாம் எடுத்து வந்து அடுக்கினார்.

“சாப்பிடு. எல்லாம் ஊரார் செலவு.”

“இவ்வளவையும் யாரு துன்றது? நான் எலுமிச்ச சாதம் கட்டிக்கினு வந்தேனே.”

“அத கோவாவுல பாத்துக்கலாம்.”

பிளேன் கதவு வந்ததும் டென்னிஸுக்கு இருபது வருஷ ரயில் பழக்கம் வந்துவிட்டது. முன்னால் போனவர்களை இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்து, கண்ணில் பட்ட முதல் ஜன்னல் சீட்டில் கர்ச்சீப்பைப் போட்டு, “கரோலின், சீக்கிரம் வா, இடம் புடிச்சிட்டேன்” என்று கத்தினார்.

“சார், உங்க சீட் இருபத்தாறு” என்றாள் பணிப்பெண், கர்ச்சீப்பை இரண்டு விரலால் எடுத்துக் கொடுத்தபடி.

இருபத்தாறிலும் ஜன்னல் இருந்தது. கரோலின் அதில் உட்கார்ந்து, கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் கீழேயிருந்து பார்த்ததன் உள்ளே உட்கார்ந்திருக்கிறோம் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. அவள் கண் கலங்கியதைப் பார்த்து டென்னிஸுக்கும் கலங்கியது. சந்தோஷம் தாங்காமல் இந்தப் பக்கத்துச் சீட்காரரிடம் திரும்பினார்.

“ரெண்டு டிக்கெட்டும் ஓசி சார். நான் எனக்குன்னு ஒரு பொருள் வாங்கல. முழுக்க ஊரார் செலவு. மூளையிருந்தா போதும்.”

அப்போது போன் அடித்தது. பார்வதம்மா. கரோலினும் கேட்டுச் சந்தோஷப்படட்டும் என்று டென்னிஸ் ஸ்பீக்கரில் போட்டார். கரோலின் சட்டென்று ஜன்னலை விட்டுத் திரும்பி, போனைப் பிடுங்கப் பார்த்தாள். சீட் பெல்ட் விடவில்லை.

“தம்பி, ஏறிட்டீங்களா? நல்லபடியா போய்ட்டு வாங்க. வந்ததும் முதல் வேலையா உங்க ஃப்ரிட்ஜையும் மிக்ஸியையும் எடுத்துக்கினு போயிருங்க; ‘அவரு ஊரார் செலவுலதான் பறப்பாராம், உங்க பேரச் சொல்லி வாங்கிருங்க’ன்னு கரோலினு தன் தையல் காசைக் குடுத்த நாள்லருந்து, எங்க வீட்டு ஹால்ல நடக்கவே எடமில்ல.”