ஏகமனதாக ஒரு வெந்நீர்க் குளியல்

மனிதகுல வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம். ஷவரைத் திருகினால் வெந்நீர் கொட்டாத இருண்ட காலம் ஒன்று. தலைவர் பதவிக்கு வந்தபின் பிறந்த பொற்காலம் மற்றொன்று.

குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் லேசுப்பட்டவர் அல்ல. லிஃப்ட் ஓடாததை 'உடற்பயிற்சித் திட்டம்' என்றும், குழாயில் தண்ணீர் வராததை 'சிக்கன வாரம்' என்றும் அறிவித்து, இரண்டுக்கும் கைத்தட்டல் வாங்கியவர். அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு வீடு மின்சார ஷவர் மாட்டுவது என்று கிளம்பிவிட்டால், ஓர் எலக்ட்ரீஷியன் குறுக்கே நிற்க முடியுமா?

அந்த எலக்ட்ரீஷியனுக்குப் பட்டப்பெயரே 'ஆகட்டும்'. யார் எதைச் சொன்னாலும் அந்த ஒரு வார்த்தைதான். முதல் நாள் மட்டும் வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டார்.

"சார், இது பல்பு மாதிரி இல்ல. ஒரு ஷவர் இழுக்கற கரன்ட்டுல ஒரு வீடே ஓடும். மெயின் போர்டுலேர்ந்து தடிமனா தனி ஒயர் இழுக்கணும். எர்த் கண்டிப்பா போடணும்."

"பாத்ரூம் லைட்டுக்கு ஏற்கெனவே ஒயர் போகுதுல்ல?"

"போகுது சார்."

"அதுல கரன்ட் வருதா?"

"வருது சார்."

"அப்புறம் என்னய்யா? கரன்ட்டுல ஏழைக் கரன்ட், பணக்காரக் கரன்ட்னு ரெண்டு இருக்கா?"

எலக்ட்ரீஷியன் யோசித்தார். மொட்டைமாடி மோட்டார் வேலையும் இதே சங்கத்தில்தான் வரவேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. "ஆகட்டும் சார்" என்றார். அன்று மாலையே சமத்துவம் பாத்ரூம் விளக்கின் மெல்லிய ஒயரில் குடியேறியது. ஒரு வீட்டில் குளித்தால் அடுத்த வீட்டு விளக்கு மங்கி மரியாதை செய்தது.

ஆனால் வளர்ச்சிக்கு எதிரிகள் எங்கும் உண்டு. இங்கே எதிரி, மீட்டர் பெட்டியில் இருந்த ட்ரிப் சுவிட்ச். கரன்ட் எங்கேயாவது கசிந்தால் பட்டென்று விழுந்து, வீட்டையே அணைத்து, ஆளைக் காப்பாற்றுவதுதான் அதன் உத்தியோகம். ஷவரைத் திருகினால் விழுந்தது. தூக்கிவிட்டால் மறுபடி விழுந்தது.

செயற்குழுவின் ஏழு பேரும் அவசரமாகக் கூடி அதன்மீது விசாரணை நடத்தினார்கள்.

"அதுக்கு ஒத்துழைக்கற எண்ணமே இல்ல" என்றார் பொருளாளர்.

"எல்லா வீட்லயும் ஒரே நேரத்துல விழுதுங்க. இது திட்டமிட்ட சதி" என்றார் செயலாளர்.

ட்ரிப் சுவிட்சுகள் ஏகமனதாகப் 'பணிநீக்கம்' செய்யப்பட்டன. 'ஆகட்டும்' வீடு வீடாகப் போய் அவற்றைக் கழற்றிவிட்டு, ஒயர்களை நேராக இணைத்து டேப் சுற்றினார். அதன்பின் எதுவும் விழவில்லை. வெந்நீர் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது.

அது தலைவரின் மனைவிக்கு முதலில் முழங்கை வரை வந்தது.

"ஏங்க, ஷவர் குழாயைத் தொட்டா சுரீர்னு இழுக்குது."

"வெந்நீர்ல சூடா இருக்கும்."

"சூட்டுக்கும் ஷாக்குக்கும் வித்தியாசம் தெரியாத பாப்பாவா நான்? கை மரத்துப்போச்சுங்க."

"ரத்த ஓட்டத்தைத் தூண்டுது. இதுக்கு வெளியில 'மசாஜ்'னு பேர் வெச்சுக் காசு பிடுங்கறான். உனக்கு வீட்டுக்குள்ளயே கிடைக்குது, அருமை தெரியல."

அருமை தெரியாத அந்த அம்மாள் ஷவர் கம்பெனிக்கு போன் போட்டார். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று பாட்டு வாசித்துவிட்டு, ஒரு குரல் வந்தது.

"சொல்லுங்க மேடம், ப்ராடக்டை எப்ப தொட்டீங்க?"

"குளிக்கும்போது."

"கை ஈரமா இருந்துச்சா மேடம்?"

"குளிக்கறப்ப கை ஈரமா இல்லாம, இஸ்திரி போட்டா வெச்சிருப்பாங்க?"

"ஈரக்கையால தொட்டா வாரன்டி செல்லாது மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

வேண்டாம் என்று போனை வைத்தார். இதற்குள் மற்ற வீட்டுப் பெண்களும் மாடிப்படியில் கையை உதறிக் காட்டிப் பேசிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். ஒருத்திக்குத் தோள்பட்டை வரை, இன்னொருத்திக்குப் பல் கூசும் அளவுக்கு.

இந்த நேரத்தில்தான் மகளிடமிருந்து செய்தி வந்தது. ஏழு மாதக் கர்ப்பிணி. பிரசவம் வரை அம்மா வீட்டில் இருக்க ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்.

"ஒண்ணு, அந்த சுவிட்சைத் திரும்ப மாட்டுங்க. இல்ல, ஷவரைக் கழட்டி எறியுங்க. வயித்துல பிள்ளையோட வரவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் மனுஷியா இருக்கமாட்டேன்."

"நான் சர்வாதிகாரி இல்லம்மா. குழு கூடித்தான் முடிவெடுக்கணும். ஞாயித்துக்கிழமை காலைல வெச்சிருக்கேன்."

ஞாயிறு காலை, வெயில் பளீரென்று அடித்தது. குளித்து, பவுடர் பூசி, தலை வாரிய குழு உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் தலைவர் வீட்டு ஹாலில் அமர்ந்தார்கள். தீர்மானத்தைத் தலைவர் கம்பீரமாகப் படித்தார். 'கசிவு என்று சொல்லப்படுவது உணர்வு சார்ந்த ஒரு கருத்து. தாய்மார்கள் மனதைத் தளர்வாக வைத்துக்கொண்டு குளிக்குமாறு இந்தச் சங்கம் பரிந்துரைக்கிறது.'

"அருமை!" என்றார் பொருளாளர். "அந்தத் 'தளர்வாக' பிரமாதம்."

கைகள் உயர்ந்தன. அதே சமயம் மகள் பெட்டியும் வயிறுமாக மூச்சிரைக்கப் படியேறி வந்து சேர்ந்தாள்.

"வா கண்ணு!" என்று முகம் மலர்ந்தார் தலைவர். "பஸ்ல வந்த அலுப்பு தீர முதல்ல போய்க் குளி. வெந்நீர் சும்மா அருவி மாதிரி கொட்டும்."

"ஆமாம்பா, உடம்பெல்லாம் கசகசன்னு இருக்கு" என்று அவள் செருப்பைக் கழற்றிவிட்டு பாத்ரூம் பக்கம் நடந்தாள்.

"இரு கண்ணு, அடுப்புல வெந்நீர் வெச்சுத் தரேன்" என்று சொல்லிவிட்டு, அவள் விட்டுவந்த பெட்டியை எடுக்க வாசலுக்குப் போன அம்மாள் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார்.

வாசலில் மகளுடையது போக ஆறு ஜோடிச் செருப்புகள். ஆறும் ரப்பர். ஆறும் வார் வரைக்கும் ஈரம். ஒன்றின் குதிகாலில் சோப்பு நுரைகூட இன்னும் காயவில்லை.

அம்மாளுக்கு எதுவோ உறைத்தது. திரும்பி ஓடி, பாத்ரூம் கதவில் கைவைத்த மகளை இழுத்து நிறுத்தினார். உள்ளே எட்டிப் பார்த்தார். வாளிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாதபடி, ஏழாவது ஜோடி. தலைவருடையது. புதுசு. நல்ல தடிமனான அடி.

ஏழு ஜோடியையும் வாளியில் அள்ளிக்கொண்டு வந்து ஹாலின் நடுவில் வைத்தார்.

"இன்னைக்கு மழை பேஞ்சுதா?"

"இல்லியே" என்றார் செயலாளர்.

"அப்ப எதுக்கு ஆளாளுக்குச் செருப்பைக் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

பொருளாளர் முந்திக்கொண்டார். "அது வந்து... பாத்ரூம் தரை வழுக்குது."

"ஏழு வீட்லயும் ஆம்பளைங்களுக்கு மட்டும் வழுக்குதோ? ரப்பர் செருப்பு போட்டு நின்னா கரன்ட் இழுக்காதுன்னு உங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு. எங்களுக்கு மட்டும் மனசைத் தளர்வா வெச்சுக்கணுமா?"

அம்மாள் புருஷன் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

"என்கிட்ட மசாஜ்னீங்க, போகட்டும். பெத்த பொண்ணை, மாசமா இருக்கறவளை, வெறுங்காலோட உள்ள போகச் சொன்னீங்களே. செருப்பு போட்டுக்கோடின்னு ஒரு வார்த்தை வாயில வரலியா?"

தலைவர் தீர்மானத் தாளைத் தூக்கிக் காட்டினார். "எப்படிம்மா சொல்ல முடியும்? சொன்னா, கசிவு இருக்குன்னு சங்கமே ஒத்துக்கிட்டதா ஆயிடுமே!"

மகள் அப்பாவைப் பார்த்தாள். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

அம்மாள் பாத்ரூம் கதவை விரியத் திறந்து வைத்தார். உள்ளே ஷவர் தலைகுனிந்து காத்திருந்தது.

"செருப்பு இங்கயே இருக்கட்டும். வெறுங்காலோட ஒவ்வொருத்தரா வாங்க. தீர்மானம் ஏகமனசுதானே?"

யாரும் எழுந்திருக்கவில்லை. ஏழு பேரும் கால்களைத் தரையில் படாமல் தூக்கி நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டார்கள். இதற்கு முன்மொழிவும் இல்லை, வழிமொழிவும் இல்லை.

ஆகவே, மின்சாரத்தைப் பற்றி அந்தச் செயற்குழுவுக்கு ஒன்றும் தெரியாது என்று இனிமேல் யாரும் அவதூறு பேசவேண்டாம். எல்லாம் தெரியும். தெரிந்துதான் கை தூக்கினார்கள்.