வத்தல் அண்ணாச்சியின் நிகர எடை

ஒரு பொருளின் எடையைச் சொல்லும்போது அதைச் சுற்றியிருக்கும் சாக்கு, டப்பா, காகிதம், கயிறு எதையும் சேர்க்கக் கூடாது. உள்ளே இருப்பதன் எடைதான் எடை. எடையளவுத் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் தராசுகளுக்கு முத்திரை குத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்த விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் விருதுநகரின் வரலாற்றிலேயே இதைத் தன் உடம்புக்குப் பொருத்தச் சொல்லி வாதாடிய ஒரே மனிதர் வத்தல் அண்ணாச்சிதான்.

பெயரைக் கேட்டு யாரும் ஏமாற வேண்டாம். மிளகாய் வத்தலுக்குக் கமிஷன் மண்டி வைத்திருந்ததால் வந்த பெயர் அது. அவர் வாசலில் நின்றால் மண்டி திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று எதிர்க்கடைக்காரருக்குத் தெரியாது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், நான் ஓய்வு பெற்ற புதிதில், மாலை நேரங்களை அவர் மண்டியில்தான் கழித்தேன். ஒருநாள் மதுரையில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவர் முகம் வெளிறி உட்கார்ந்திருந்தார். தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழம் போலக் குடல் பிதுங்கிக்கொண்டிருந்தது.

"அறுத்துத் தைக்கணுமாம் சார். ஆனா நூத்திப் பதினாறு கிலோவுக்கு மயக்க மருந்து குடுக்க மாட்டேங்காரு. நூறுக்குக் கீள எறங்கி வாங்கங்காரு."

"இறங்காட்டா?"

"எப்பயாச்சும் குடல் முறுக்கிக்கிட்டா, அன்னைக்கு அவரு வேண்டாம், நாலு பேரு போதும்னுட்டாரு."

டாக்டர் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார். அண்ணாச்சியின் மொழிபெயர்ப்பு அது. பயந்திருந்தார் என்பது மட்டும் நிஜம்.

பயந்த மனிதர் மறுநாளே சிகிச்சையில் இறங்கினார். எண்ணெய் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் ஊரிலோ பரோட்டாவைக் கல்லில் போடுவதோடு விடமாட்டார்கள், எண்ணெயில் பொரித்தெடுப்பார்கள். சிவகாசியில் அச்சகம் நடத்திய மைத்துனரிடமிருந்து, தேதி தப்பாக அச்சான நாள்காட்டித் தாள்களைக் கட்டுக்கட்டாக வரவழைத்தார் அண்ணாச்சி. பரோட்டாவை அந்தத் தாள்களுக்கு நடுவே வைத்து, உள்ளங்கையால் அழுத்தி எண்ணெயை உறிஞ்ச வைத்துவிட்டுச் சாப்பிட்டார்.

"ஒரு பரோட்டாவுக்கு ஏழு தாளு சார். எண்ணெ பூராம் தாளுக்குப் போயிருது."

"அப்ப நாலு பரோட்டாவுக்கு ஒரு மாசமே காலியாகுமே?"

"போனாப் போவுது. வருசம் இன்னும் மிச்சம் கெடக்குல்லா."

கம்மங்கூழ் குடித்தால் இளைக்கும் என்று யாரோ சொன்னார்கள். குடித்தார். சாப்பாட்டுக்குப் பதிலாக அல்ல. சாப்பாட்டுக்குப் பின், மருந்து போல. ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார்கள். பஜார் வழியாக ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்தார். வழியில் பதினொரு கடைகள் அவருக்குத் தெரிந்தவர்களுடையவை. பதினொரு பேரும், "நடந்தா வாரீக அண்ணாச்சி? களைச்சுப் போயிருப்பீக" என்று உட்காரவைத்து டீயும் வடையும் கொடுத்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் அண்ணாச்சி இளைத்துக்கொண்டே வந்தார் என்பதுதான் வியப்பு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மண்டியில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நிற்பார். முப்பது வருடமாக அங்கே எடை போடும் சுடலை அளவைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பார். முதல் வாரம் நூற்றுப் பதினைந்து. அடுத்து நூற்றுப் பதினான்கு. நான்கு மாதத்தில் நூற்றொன்று!

எனக்கு எங்கேயோ உதைத்தது. காகிதத்தில் பதினைந்து கிலோ குறைந்த மனிதர், மண்டியின் மூன்று படிகளை ஏற இன்னும் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். ஒரு நாள் அவர் இல்லாத நேரம் பார்த்து நானே அந்தத் தராசில் ஏறினேன். அறுபத்திரண்டு. என் எடை எனக்குத் தெரியும், தராசு யோக்கியமானதுதான். சீட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அடிக்கட்டையில் சுடலையின் கையெழுத்தில் எல்லாம் முறையாக இருந்தது. வேட்டி சட்டைக் கழிவு ஒன்றரை. ஈரக் கழிவு இரண்டு. காலைச் சாப்பாட்டுக் கழிவு ஒன்றரை. வாரம் ஒரு புதுக் கழிவு. மிளகாய் மூட்டைக்குச் சாக்கும் ஈரமும் தூசியும் கழிப்பது மண்டி வழக்கம். அதே வழக்கப்படி அண்ணாச்சியைக் கழித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"என்னய்யா இது?"

சுடலை தலையைச் சொறிந்தார். "மொத வாரமே ஒரு கிலோ கூடிப்போச்சு சார். அண்ணாச்சியே, 'சாக்கைக் களிச்சியாடா?'ன்னு கேட்டாக. களிச்சுச் சொன்னேன். மொகத்துல அப்பிடி ஒரு சந்தோசம். மூடைன்னா உள்ளதச் சொல்லிரலாம். மனுசங்கிட்ட எப்பிடிச் சொல்ல?"

கழித்ததையெல்லாம் திரும்பக் கூட்டிப் பார்த்தால், அன்று அண்ணாச்சி நூற்றுப் பதினாலரை கிலோ. நூற்றொன்று என்று நம்பிய மகிழ்ச்சியில் ராத்திரிப் பரோட்டா ஐந்தாக உயர்ந்திருந்தது. எலுமிச்சம்பழமும் சாத்துக்குடியாகியிருந்தது. இருமும்போதெல்லாம் அதை ஒரு கையால் அழுத்திக்கொள்வார்.

நேரில் சொல்லலாம் என்றுதான் போனேன். "சார், இன்னும் ரெண்டு கிலோதான், மதுரைக்கு நீங்களும் வாரீகளா?" என்று கேட்டார். தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்தேன். வேலையில் இருந்த காலம் முழுவதும் பிறருக்குப் பிடிக்காததைத் தாளில்தான் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து எழுதினேன். ஒன்று: தராசு சரி. இரண்டு: சீட்டு தவறு. மூன்று: தங்கள் உண்மையான எடை நூற்றுப் பதினாலரை. நான்கு: இனிமேலாவது தாங்கள் ஏன் ஒழுங்காகச் சாப்பிட்டு ஒழுங்காக நடக்கக் கூடாது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும். கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்தேன். அது ஆவணி மாதம்.

ஏழு நாளில் பதில் வரவில்லை. முதல் நினைவூட்டு அனுப்பினேன். இரண்டாவது நினைவூட்டும் அனுப்பினேன். தெருவில் எதிரே வந்தவர் என்னைப் பார்த்ததும் ஒரு ஜவுளிக்கடைக்குள் புகுந்தார். பிறகுதான் தெரிந்தது, அது பெண்களுக்கான உள்ளாடைக் கடை. என் முகத்தைவிட அது தேவலை என்று நினைத்திருக்கிறார். மாலை நேரங்கள் எனக்கு நீளமாகிவிட்டன. உண்மையைச் சொல்ல எனக்கு எல்லா அதிகாரமும் இருந்தது. சொல்லும் முறையில்தான் கோளாறு என்று மெல்ல உறைத்தது. பயந்துபோன ஒரு நண்பருக்கு நான் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன்.

கார்த்திகையில் காய்கறிக் கடையில் அவர் மனைவியைப் பார்த்தேன். பை நிறைய வெண்டைக்காயும் கீரையும் வைத்திருந்தார்.

"அண்ணாச்சி எப்படி இருக்கார்?"

"உங்க தாள சாமி படத்துக்குப் பின்னால சொருவி வச்சிருக்காக. விடியவும் எடுத்து ஒருவாட்டி வாசிக்காக. வாய்க்கு வந்தபடி உங்கள வையுதாக. வஞ்சு முடிச்சதும் சட்டையப் போட்டுக்கிட்டு நடக்கப் போயிருதாக."

"பஜார் வழியாவா?"

"ஊருக்கு வெளிய, காட்டுப் பக்கமா. அங்கன டீக்கடை கெடையாதாம்."

கூழ் இப்போது சாப்பாட்டுக்குப் பதிலாம். ராத்திரிக்கு இரண்டு இட்லி. முதல் மாதம் கோபத்தில் வீட்டில் யாரோடும் பேசவில்லையாம். "கோவமெல்லாம் உங்க மேலதான். நாங்க சும்மா நடுவுல மாட்டிக்கிட்டோம்" என்றார். அவர் வைதாலும் பரவாயில்லை, நடக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். அந்த அம்மா அதையும் போய்ச் சொல்லியிருப்பார்.

மாசிக் கடைசியில் அண்ணாச்சியை மதுரையில் சேர்த்திருப்பதாக மண்டியில் சொன்னார்கள். எடை இறங்கித்தான் போனாரா, குடல் முறுக்கிக்கொண்டு போனாரா என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. ஆஸ்பத்திரிப் பெயரும் தெரியாது. ஐந்து நாள் வாசலில் தபால்காரர் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆஸ்பத்திரி முகவரியோடு ஒரு கார்டு வந்தது. கோணல்மாணலான எழுத்து, படுத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்.

"சார் அவர்களுக்கு, உங்கள் தாளுக்குப் பதில். டாக்டர் தராசில் தொண்ணூற்றெட்டு. ஆபரேசன் நல்லபடி முடிந்தது. இங்கே பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. உங்களை உடனே வரச்சொல்ல ஆசைதான். ஆனால் சிரித்தால் தையல் வலிக்கிறது. பத்து நாள் கழித்து வாங்க."

இரண்டு தரம் படித்தேன். சிரிக்கும்படி எதுவும் பேசுவதில்லை என்று எனக்கு நானே உறுதி சொல்லிக்கொண்டு மதுரை பஸ்ஸுக்குக் கிளம்பினேன். கிளம்புமுன், பழக்கம் விடவில்லை, கார்டின் மேல் மூலையில் பதில் கிடைத்த தேதியைக் குறித்தேன்: பங்குனி மூன்று.